உலோகம் ஆறும் வேகமும் அதன் உள்ளமைப்பும்

உலோகத்தின் குணம் அதிற் கலந்த பொருள்களால் மட்டும் அமைவதன்று. உருகிய நிலையினின்று அஃது ஆறி உறையும் வேகத்தாலும் அமைவதாகும். சர்க்கரைப் பாகை மெல்ல ஆறவிட்டாற் பெரிய கற்கண்டும், கிளறி விரைவில் ஆற்றினாற் பொடியும் கிடைப்பதை நாம் அறிவோம். டைட்டேனியமும் அலுமினியமும் ஏறக்குறையச் சம அணுக்களாய்ச் சேர்ந்த கலவையிலும் இவ்வுண்மை விளங்குவதை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறப் புகுகின்றோம்.

இக்கலவை, யந்திரங்களில் வழங்கும் நிக்கல் கலவைகளிற் பாதி எடையே உடையது. மிக்க வெப்பத்திலும் வலிமை குன்றாதது. ஆதலின், 2011-இற் பணிக்கு வந்த ஜெனரல் எலெக்டிரிக் கம்பெனியாரின் ஜென்எக்ஸ் என்னும் விமான யந்திரத்தில், டர்பைனின் கடைசி வரிசை அலகுகளை இதனாற் செய்தனர். இதன் பெருங்குறை யாதெனில், சாதாரண வெப்ப நிலையில் இழுத்தால், நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீளுமளவில் முறிந்துவிடுவதே. இக்குறை மிகுவதும் குறைவதும் பெரிதும் உள்ளமைப்பைப் பொறுத்தன.

சுமார் 1,500 டிகிரி சென்டிகிரேடில் உருகிய கலவையை அச்சில் வார்த்தவுடன், வெப்பம் அச்சின் சுவர் வழியே வெளியேறுகின்றது. சுவரினின்று உள்நோக்கிக் கிளைத்த மரங்கள்போலப் படிகங்கள் வளர்கின்றன. முதலில் உறைவதில் டைட்டேனியம் மிகுதி; கிளைகளிடையே எஞ்சும் திரவத்தில் அலுமினியம் மிகுதி. விரைந்து ஆறினாற் கிளைகள் நெருங்கி நிற்கும். மெல்ல ஆறினால் அகன்று நின்று, கலப்பின் ஏற்றத்தாழ்வும் பரந்துபடும்.

நிற்க, உறைந்த பின்னரும் மாறுதல் ஓய்வதில்லை. மேலும் ஆறுகையில் ஒவ்வொரு படிகமும் ஆல்பா-2, காமா என்னும் இருவகை மெல்லிய ஏடுகளாகப் பிரிகின்றது. மெல்ல ஆறினால் ஏடுகள் தடிக்கும். சற்று விரைந்தால் மெலிந்து, உலோகத்துக்கு வலிமை தரும். மிகவும் விரைந்தாலோ, ஏடுகள் பிரிய நேரமிராது. புறம் சுருங்க அகம் வெந்து நிற்பதால் வெடிப்பும் நேரும்.

ஏடுகள் கிடக்கும் திசையும் நோக்கத்தக்கது. ஆல்பா வகைப் படிகங்கள் தூண்கள்போல் வளர்ந்த வார்ப்பில், அவை பெரும்பாலும் சுவருக்கு இணையாக அமையும். அவற்றைக் குறுக்கே இழுப்பின், கட்டவிழ்ந்த சுவடிபோல் எளிதிற் பிரிந்துபோம்.

ஆகவே அறிஞர் அச்சை முன்னரே சூடாக்கியும், போரான் சிறிது சேர்த்துப் படிகங்களைச் சிறிதாக்கியும், வார்த்தபின் மீண்டும் வெப்பமூட்டி அளவறிந்து ஆற்றியும் இக்குறையைக் குறைக்கின்றனர். கலவையின் அளவைப்போலவே ஆற்றும் அளவும் அறியப்பட்டாலன்றி, வானிற் செல்வோர் உயிரை இவ்வுலோகத்தை நம்பி ஒப்புவித்தல் இயலாதென்க.