உழவும் விருந்தும்

வள்ளுவப் பெருந்தகை உழவுக்கு ஓர் அதிகாரமும் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். அவ்விரு அறங்களும் ஒரே களத்தில் கைகோக்கும் முயற்சியே வேளாண் சுற்றுலா. வழிவழியாக ஒரு குடும்பம் உழுதுவரும் நிலத்திற்குக் குறித்த பருவத்தில் நகர மாந்தர் சென்று, விளைவைக் கண்டு, உண்டு, உரிய விலை கொடுத்துத் திரும்புவது இதன் இயல்பாகும்.

நம் நாட்டில் மராட்டியம் இதற்கு வழிகாட்டியது. புனே மாவட்டத்துப் பாராமதியில் 2005ஆம் ஆண்டு பாண்டுரங்க் தாவரே என்பார் இதனை முறையாகத் தொடங்கினார். 2020இல் மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்தது. அங்கு மார்கழி, தைத் திங்கள்களில் ‘ஹுர்டா’ விருந்து நடைபெறும். முற்றாத சோளக்கதிரைத் தணலில் வாட்டி, மணிகளை உதிர்த்து, வேர்க்கடலைத் துவையலுடன் சூடாக உண்பர். மணி முற்றியதும் விருந்து ஓயும், அறுவடை தொடங்கும். பயிரின் காலமே விருந்தினரின் காலம்.

ஆயினும் இதில் இடரும் உண்டு. கலிபோர்னியாவில் நாட் குடும்பத்தார் 1920இல் பெர்ரிப் பழச் சாகுபடியைத் தொடங்கினர். 1934இல் அவ்வீட்டு அம்மையார் கோழி உணவு பரிமாறத் தொடங்கக் கூட்டம் பெருகிற்று. வந்தோர் பொழுதுபோக்க அமைத்த காட்சிகள் நாளடைவில் கேளிக்கைப் பூங்காவாக வளர்ந்தன. 1997இல் அது கைமாறியது. பண்ணை இன்று பெயரளவில் நிற்கிறது. இத்தகைய நிலை நேராதிருக்க, உழவே முதன்மை, விருந்தோம்பல் துணைத்தொழிலே என 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் இத்தாலி வரையறுத்தது.

வடசென்னை மாணவர்க்கு இதனால் என்ன பயன் எனலாம். எண்ணூர் நெய்தல் நிலம். உப்பு விளைந்த மண். உப்பும் பருவ விளைவே. மழை ஓய்ந்தபின் பாத்தி கட்டி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் விளைவித்து வாருவர். அடுத்த மழையோடு தொழில் நிற்கும். இப்பகுதியில் 1970இல் அனல்மின் நிலையமும், 2001இல் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. அவை வேலை தந்தன என்பது மெய்யே. உப்பளமும் கழிமுகமும் சுருங்கின என்பதும் மெய்யே.

மரம் நடுதலை அறமெனப் போற்றும் நபிமொழியைப் பயின்ற நாம், எஞ்சிய நிலத்தையேனும் சென்று காண்போம். பாத்தியில் நிற்பவரிடம் தொழிலைக் கேட்டறிவோம். அவர் விளைவிற்கு நியாய விலை கொடுப்போம். நிலம் நிலைத்தால்தான் விருந்து உண்டு.