2 வயசுப் பிள்ளையோட கிறிஸ்துமஸ் கைவேலை: குளச்சல்ல நான் கட்டின பில்லும், கத்துக்கிட்டதும்

டிசம்பர் சம்பளம் இன்னும் வரல. ஆனா டிசம்பர் செலவு ஆரம்பிச்சாச்சு, இல்லையா?

போன வாரம் நம்ம சேனல்ல கிறிஸ்துமஸ் பட்ஜெட் வீடியோ போட்டிருந்தோம். கேக், புதுத்துணி, ஊருக்குப் போற டிக்கெட்னு எல்லாம் பேசினேன். ஒண்ணை மட்டும் விட்டுட்டேன். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுல "பாப்பாவோட சேர்ந்து ஏதாவது செய்யணும்"னு ஆசைப்பட்டு ஆர்டர் போடுற கிராஃப்ட் சாமான் செலவு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல்ல என் பில்லைப் பார்த்துடலாம். எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல். வேலை சென்னையில. ரெண்டு வருஷம் முன்னாடி, மகளுக்கு 2 வயசு. வருஷம் முழுக்க அவளோட உட்கார நேரம் கிடைக்கலயேங்கிற குற்ற உணர்ச்சியில, ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல வாங்கிக் குவிச்சேன். மணி கோக்கிற கிராஃப்ட் கிட் 899, துணியில தைச்ச 24 பை காலண்டர் 1,299, பெயின்ட் செட் 640, க்ளூ கன் 350, எல்இடி சரம் ரெண்டு 672. மொத்தம் 3,860 ரூபாய். எல்லாம் கிரெடிட் கார்டுல.

24ஆம் தேதி ராத்திரி கிட்டைப் பிரிச்சோம். 25 காலையில ஒரு மணி அவ மூக்குக்குள்ள இருந்தது. பூசைக்குப் போக வேண்டிய நேரத்துல காரைப் பிடிச்சு நாகர்கோவிலுக்கு ஓடினோம். டாக்டர் ரெண்டே நிமிஷத்துல எடுத்துட்டார். காருக்கும் டாக்டருக்கும் சேர்த்து 1,700. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தா, "3 வயதுக்கு மேல்"னு ஒரு மூலையில போட்டிருக்கு. படிக்காதது என் தப்பு. (மூக்குல ஏதாவது போனா நீங்களே குத்தி எடுக்கப் பார்க்காதீங்க, இன்னும் உள்ள போயிடும்.)

ஜனவரியில கை வறண்டுபோய் கார்டுக்கு மினிமம் டியூ மட்டும் கட்டினேன். என் கார்டுல மாசம் 3.5% வட்டி. 3,860-க்கு 135 ரூபாய், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சேர்த்தா சுமார் 159. "159 தானே"ன்னு நானும் நெனச்சேன். பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா வாங்குற பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாதுங்கிறது அப்புறம்தான் உறைச்சது. ஜனவரியில போட்ட பெட்ரோலுக்கும் மளிகைக்கும் வாங்கின தேதியில இருந்தே வட்டி ஓடிச்சு.

சரி, இதெல்லாம் வாங்காம என்ன செய்யலாம்?

2 வயசுப் பிள்ளைக்கு பொறுமை பத்து நிமிஷம். கிழிக்கத் தெரியும், அமுக்கத் தெரியும், தண்ணி ஊத்தத் தெரியும், ஒட்டத் தெரியும். மணி கோக்கிறதும் கத்தரிக்கோல் பிடிக்கிறதும் அப்புறம்தான். கிட் பெட்டி மேல இருக்கிற அழகான படம் அப்பா அம்மா ராத்திரி முழிச்சுச் செய்றது. பிள்ளை செய்றது அப்படி இருக்காது, இருக்கவும் வேண்டாம்.

வெண்டைக்காய் ஸ்டார்

எங்க வீட்டுல சூப்பர் ஹிட் இதுதான். முத்தின வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினா உள்ள அஞ்சு முனை இருக்கும், அச்சு அசலா ஒரு சின்ன நட்சத்திரம். காம்புப் பக்கம் நீளமா விட்டு வெட்டினா பிள்ளைக்குப் பிடிக்க வசதி. பீட்ரூட் துருவிப் பிழிஞ்ச சாறு சிவப்புக்கு, மஞ்சள்தூளைக் கெட்டியா கரைச்சா மஞ்சளுக்கு. வாயில வெச்சாலும் பயமில்ல. ஒரு தட்டுல துணியை மடிச்சு வெச்சு அதுல சாறை ஊத்துங்க, இல்லேன்னா வீடு முழுக்க பீட்ரூட்தான். பழைய துணி போட்டு விடுங்க, மஞ்சள் கறை போகாது.

டெலிவரி வந்த அட்டைப்பெட்டியில நீங்க பெரிய ஸ்டார் வெட்டிக் கொடுங்க, அது மேல அவங்க குத்தட்டும். பழுப்புத் தாள்ல குத்தினா பரிசு சுத்துற பேப்பர் ஆச்சு. வெள்ளை அட்டையில குத்தினா வாழ்த்து அட்டை. 1843-ல லண்டன்ல முதன்முதலா விலைக்கு வந்த கிறிஸ்துமஸ் அட்டை ஒண்ணு ஒரு ஷில்லிங். அன்னைக்கு அது சாதாரண ஆளுக்கு எட்டாத விலை. இது ஒரு வெண்டைக்காய்.

சிரட்டையில பச்சைப் பயிர்

நம்ம பக்கம் குடில் போடும்போது புல்வெளிக்காக நெல்லோ கேழ்வரகோ முளைக்க வைப்போம்ல? அதைப் பிள்ளை கையில கொடுத்துடுங்க. தேங்காய் துருவின சிரட்டை, அதுல ஈரமண் இல்லேன்னா ஈரச்சாக்குத் துண்டு. ராத்திரி ஊறவெச்ச கேழ்வரகை அவங்களே தூவட்டும். தினமும் காலையில விரலால தண்ணி தெளிக்கிறது அவங்க வேலை. 12, 13ஆம் தேதி வாக்குல விதைச்சா கிறிஸ்துமஸுக்குள்ள பச்சையா நிக்கும். இங்க நான் எஸ்ஐபி உதாரணம் சொல்லப் போறேன்னு எதிர்பார்ப்பீங்க. சொல்லல.

குடிலே அப்படி ஆரம்பிச்சதுதான். 1223-ல இத்தாலியில கிரேச்சோங்கிற ஊர்ல அசிசி பிரான்சிஸ் முதல் குடில் போட்டப்போ, அதுல இருந்தது தீவனத் தொட்டி, வைக்கோல், நிஜ மாடு, நிஜ கழுதை. எல்லாம் அந்த ஊர்லயே கிடைச்சது.

முறுக்கு மாவு

உப்பும் மைதாவும் பிசைஞ்சு பொம்மை செஞ்சு காயவைக்கிற முறை ஒண்ணு வீடியோக்கள்ல நிறைய வரும். கடற்கரை ஊர்ல இருக்கவங்க அதை நம்பாதீங்க. உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். எங்க வீட்டுல தொங்கவிட்டது மூணே நாள்ல வேர்த்து வழிஞ்சது. அதுவும் நம்ம பக்கம் டிசம்பர்ல மழை வேற. அதுக்குப் பதிலா, பலகாரத்துக்கு முறுக்கு மாவு பிசையும்போது ஒரு உருண்டை கொடுங்க. உருட்டட்டும், டம்ளரால வட்டம் வெட்டட்டும். எண்ணெய் சட்டி இருக்கிற பக்கம் மட்டும் வேண்டாம். வேற அறையில உட்கார வெச்சுடுங்க.

அந்த 1,299 ரூபாய் காலண்டருக்குப் பதில் பழைய தினசரி காலண்டர் தாளைப் பட்டையா கிழிச்சு, சோத்துப் பசையால ஒட்டி 24 வளையம். தினம் ஒண்ணு பிய்க்கணும். பிய்க்கிறதுல பிள்ளைகளுக்கு இருக்கிற சந்தோஷம் தனி.

இப்போ ஒரு எச்சரிக்கை. "வீட்டுல செஞ்சா மலிவு"ங்கிறது எப்பவும் உண்மை இல்ல. க்ளூ கன், பெயின்ட்னு புதுசா வாங்கிச் செஞ்சா, கடை ஸ்டாரை விட அது விலை கூடும். வாசல்ல தொங்கவிடுற பெரிய ஸ்டாரை நான் கடையில்தான் வாங்குறேன். மூங்கில் பிளாச்சு கூரா இருக்கும், பிள்ளை பக்கத்துல வேண்டாம். மடிக்கிற மாதிரி வாங்கினா நாலு வருஷம் வரும்.

பாதுகாப்புல கஞ்சத்தனம் வேண்டாம். டாய்லெட் பேப்பர் சுத்தி வர்ற அட்டைக்குழாய்க்குள்ள நுழையுற எந்தச் சாமானும் 3 வயசுக்குக் கீழ ஆபத்து. கண்ணு வைக்க அழகா இருக்குன்னு குன்றிமணி எடுக்காதீங்க, அது விஷம். சின்ன எல்இடி விளக்குல இருக்கிற பட்டன் பேட்டரியைப் பிள்ளை முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். ஒரு நிமிஷம்கூட வீட்டுல காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பொம்மை வாங்கினா ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, 2021 ஜனவரியில இருந்து அது கட்டாயம்.

எங்க அம்மாவுக்கு ஒரு பழக்கம். கிறிஸ்துமஸுக்குன்னு ஒதுக்கின பணத்துல எப்பவும் ஒரு பங்கை எடுத்து அலமாரியில வெச்சுடுவாங்க. சின்ன வயசுல எனக்கு அது கோபம். 2004-ல கடல் ஊருக்குள்ள வந்தது டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. வாசல்ல ஸ்டார் அப்படியே தொங்கிட்டிருந்துச்சு. 2017-ல ஓகி புயல் நவம்பர் கடைசியில வந்துச்சு. கடலுக்குப் போனவங்க திரும்பாத ஊர்கள்ல அந்த வருஷம் ஸ்டார் விளக்கு எரியல. அதுக்கப்புறம் அம்மாகிட்ட நான் அதைப் பத்திக் கேட்டதே இல்ல.

நான் இப்போ செய்றது: டிசம்பர் முதல் வாரத்துல மாசம் 500 ரூபாய்க்கு ஒரு வருஷ பேங்க் ஆர்டி. அடுத்த டிசம்பர்ல 6,000-மும் வட்டியும் கைக்கு வரும். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி 5 வருஷம், இதுக்கு ஒத்துவராது. அந்தப் பணத்துலதான் துணி, கேக், ஸ்டார் எல்லாம். கார்டு பர்ஸை விட்டு வெளிய வராது.

போன வருஷம் கைவேலைக்கு ஆன செலவு: வெண்டைக்காய், பீட்ரூட், கேழ்வரகு, வெள்ளை அட்டை எல்லாம் சேர்த்து 85 ரூபாய். லீவுதான் பெரிய செலவு. 24-க்குப் பதில் 22-ஆம் தேதியே ஊருக்கு வர்ற மாதிரி ரெண்டு நாள் கூடுதலா போட்டேன். மேனேஜர்கிட்ட அதைக் கேட்டு வாங்கினதுதான் கஷ்டம்.

மகளுக்கு இப்போ 4 வயசு. சிரட்டை ஏழு சேர்த்து வெச்சிருக்கா. இந்த வருஷம் வெண்டைக்காயை நானே வெட்டுவேன்னு பிடிவாதம். கத்தி இன்னும் கொடுக்கல.