தளர்ந்த கைச்சக்கரம்

ஊர்தியை ஓடச் செய்வது ஒரு திறம். ஓடும் ஊர்தியைக் கருதிய வழியில் செலுத்துவது அதனினும் பெரிய திறம். எஞ்சின் நின்றுவிட்டால் பயணம் தடைப்படும், அவ்வளவே. திசையை ஆளும் உறுப்புகள் தளர்ந்துவிட்டாலோ, வண்டியில் இருப்போர்க்கும் வழியில் வருவோர்க்கும் உயிர்க்கேடு நேரும். ஆதலின், பழைய வண்டியை வைத்திருப்போர் முதலிற் கருத்தூன்ற வேண்டியது அதன் ஸ்டியரிங் அமைப்பேயாகும்.

செஞ்சிக் கோட்டைக்கு வடமேற்கே அவலூர்பேட்டை என்னும் ஊர் உள்ளது. அங்குக் கூடும் வாரச்சந்தை சுற்றுப்புறங்களிற் பெயர் பெற்றது. மாட்டு வண்டிகள் மிகுந்திருந்த காலத்தில், அத்தகைய சந்தைகளுக்கு வண்டி கட்டிச் செல்வோர் ஓர் உண்மையை நன்கு அறிந்திருந்தனர். குடத்தினுள் அச்சு தேய்ந்தால் சக்கரம் ஆடும். சக்கரத்தைக் கையாற் பற்றி அசைத்தால் அத்தேய்வு புலப்படும். ஆயினும், மாட்டு வண்டியைத் திருப்புபவை மாடுகளே. வண்டிக்காரன் கயிற்றை இழுத்தால் மாடுகள் திரும்பும். அவற்றின் பின்னே வண்டியும் திரும்பும். மோட்டார் வண்டியில் அவ்வாறன்று. ஓட்டுநரின் கைக்கும் சாலைக்கும் இடையே பத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று தேய்ந்தாலும் கையின் ஆணை சக்கரத்தைச் சேரக் காலந்தாழும்.

இதனை விளக்குதற்கு ஏற்ற வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்பதாகும். இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரால் வெளிவந்த இக்காரினை, சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தார் 1961 முதல் இந்தியாவிற் செய்து விற்றனர். 1962-இல் இங்கிலாந்தில் வெளியான ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் இதன் உறவினமேயாகும். இரண்டிற்கும் முன்சக்கர அமைப்பும் ஸ்டியரிங் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. சென்னைக்கு அருகில் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடைபெற்ற மோட்டார் பந்தயங்களில் ஹெரால்டு வண்டிகளும் ஓடின. ஏறத்தாழ 25 அடி விட்டத்திற்குள் வட்டமிட்டுத் திரும்ப வல்லது இவ்வண்டி. இத்துணைக் கூர்மையாகத் திரும்பும் வண்டியே, பேணாது விட்டவிடத்து, கைக்கு அடங்காது சாலையில் அலையத் தொடங்கும்.

ஹெரால்டு காரில் கைச்சக்கரத்தின் தண்டு கீழ்நோக்கிச் சென்று, ரப்பர் பொருத்திய ஓர் இணைப்பின் வழியாகச் சிறிய பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றுகிறது. அதற்குப் பினியன் என்று பெயர். பினியன் சுழலும்போது, ரேக் எனப்படும் பல்வெட்டிய நீண்ட கம்பி இடமும் வலமும் நகரும். ரேக்கின் இரு முனைகளிலும் டை ராடுகள் இணைந்துள்ளன. அவை சக்கரங்களைத் தள்ளியும் இழுத்தும் திருப்புகின்றன. வேறு சில பழைய கார்களில் ரேக்கிற்கு மாறாகத் திருகுப்பல் கொண்ட பெட்டி ஒன்று இருக்கும். அத்தகைய பெட்டியில் சிறிது தளர்ச்சி இயல்பேயாகும். ரேக் அமைப்பிலோ நல்ல நிலையில் தளர்ச்சி இல்லை என்றே சொல்லலாம். எனவே, ஹெரால்டு காரின் கைச்சக்கரம் வெறிதே அசைந்தால், எங்கோ ஒரு குறை உண்டு என்பது தெளிவு.

குறையைத் தேடுமுன் அதன் தன்மையைப் பகுத்தறிதல் வேண்டும். கைச்சக்கரத்தைச் சிறிது திருப்பியும் முன்சக்கரங்கள் அசையாதிருத்தல் ஒருவகை. பட்டறைகளில் இதனை ‘ப்ளே’ என்பர். கைச்சக்கரம் உறுதியாக இருந்தும் வண்டி நேரே செல்லாமல் இருபுறமும் அலைதல் மற்றொரு வகை. முன்னது இணைப்புகளின் தேய்வால் வருவது. பின்னது டயரிலோ, சக்கரங்கள் நிற்கும் கோணத்திலோ, பின்சக்கரங்களின் பிடிப்பிலோ தோன்றுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியே பலர் நல்ல உறுப்புகளைக் கழற்றி எறிந்து பொருளை வீணாக்குகின்றனர்.

செலவில்லாத சோதனையே முதற் சோதனையாதல் வேண்டும். டயர்களில் காற்று உரிய அளவில் உள்ளதா, முன்னிரு டயர்களும் ஒரே வகையினவா, ஒருபுறமாகத் தேய்ந்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். காற்றுக் குறைந்த டயர் நெளிந்து கொடுக்கும். அதனால் ஸ்டியரிங் தளர்ந்தது போன்ற உணர்வு தோன்றும். காற்றடித்தால் தீரும் குறைக்கு ரேக்கை மாற்றுவது அறிவுடைமை ஆகாது.

அடுத்த சோதனைக்கு இருவர் தேவை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒருவர் கைச்சக்கரத்தை இடமும் வலமும் சிறிதளவே அசைத்தல் வேண்டும். மற்றவர் முன்புற மூடியைத் திறந்து, தண்டிலிருந்து சக்கரம் வரை ஒவ்வோர் இணைப்பாக நோக்குதல் வேண்டும். இணைப்பின் ஒருபுறம் அசைந்து மறுபுறம் அசையாதிருக்குமாயின், குறை அங்கேயே உள்ளது. தண்டு சுழன்றும் பினியன் சுழலத் தாமதித்தால், இடையிலுள்ள ரப்பர் இணைப்பு நைந்துவிட்டது என்று பொருள். ரேக் பல்லால் நகராமல் தன் உறையோடு சேர்ந்தே இடம்பெயருமானால், அதனைச் சட்டத்தோடு பிணைக்கும் ரப்பர்க் கட்டைகள் எண்ணெய்ப் பசையால் இளகிவிட்டன என்று அறியலாம். இப்பழைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் குறை இதுவே. மாற்றுவதற்கு எளியதும் இதுவே. டை ராடு முனையில் விரலை வைத்தால், தேய்ந்த இணைப்பின் அதிர்வு கண்ணுக்குத் தெரியாவிடினும் விரலுக்குத் தெரியும்.

பின்னர் வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் செல்லுதல் ஒருபோதும் கூடாது. சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பற்றி ஆட்டினால், சக்கரப் பேரிங்கிலோ, மேலுள்ள பால் ஜாயின்டிலோ, கீழுள்ள டிரனியன் என்னும் பித்தளை இணைப்பிலோ உள்ள தளர்ச்சி வெளிப்படும். அப்போது ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தால், பேரிங்கின் ஆட்டம் நின்றுவிடும். பிரேக்கை அழுத்திய பின்னும் ஆட்டம் நீடித்தால் குறை மற்ற இணைப்புகளில் உள்ளது. இடப்புறத்தையும் வலப்புறத்தையும் பற்றி ஆட்டும்போது மட்டும் அசைவு தோன்றினால், டை ராடையும் ரேக்கையும் ஐயுறுதல் வேண்டும்.

இவற்றுள் டிரனியன் தனிக் கவனத்திற்கு உரியது. சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தண்டின் அடிப்பகுதி திருகுமரை உடையது. அது பித்தளையாலான டிரனியனுக்குள் திருகப்பட்டிருக்கும். வண்டி திரும்பும் போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழலும். இதற்கு இடவேண்டியது கியர் எண்ணெய்; கிரீஸ் அன்று. எண்ணெய் மரையின் அடிவரை இறங்கும். கிரீஸோ நாளடைவில் இறுகி, அடிவரை செல்லாது நின்றுவிடும். அவ்விடத்தில் நீர் புகுந்து துருவேறும். துரு தண்டினை அரிக்கும். இறுதியில் தண்டு முறிந்து, சக்கரம் வண்டியின் அடியில் மடிந்து விழும். சிறிது எண்ணெய் இடாத சோர்வினால் விளையும் பெருங்கேடு இது.

இணைப்புகள் யாவும் செம்மையாக இருந்தும் வண்டி அலைந்தால், முன்சக்கரங்களின் நேர்மையை அளந்து சரிசெய்தல் வேண்டும். இதனையே அலைன்மென்ட் என்பர். தேய்ந்த உறுப்புகளை மாற்றிய பின்னரே இதனைச் செய்தல் முறை. ஆடும் இணைப்போடு அளந்த அளவு நிலைத்து நில்லாது. பின்சக்கரங்களையும் மறத்தலாகாது. ஹெரால்டின் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் முன்பின் நகராமற் பிடிப்பது ஒரு கம்பியாகும். அதன் முனைகளிலுள்ள ரப்பர் புஷ்கள் நைந்தால், பின்சக்கரங்கள் தாமே திசைமாறி வண்டியைத் திருப்பும். ஓட்டுநரோ பழியைக் கைச்சக்கரத்தின்மேற் சுமத்துவார்.

தளர்ச்சியைப் போக்கக் கருதி, ரேக்கினை அளவுக்கு மீறி இறுக்குவோரும் உளர். அவ்வாறு செய்தால் ப்ளே சிறிது மறையும். ஆனால் கைச்சக்கரம் கடினமாகி, திரும்பிய சக்கரங்கள் தாமே நேர்நிலைக்கு மீளா. பேரிங்கை மிகையாக இறுக்கினால் அது சூடேறிக் கெடும். இவ்விறுக்கம் நோயை மறைக்குமேயன்றி நீக்காது.

ப்ளே அரை அங்குலந்தானே என்று அசட்டையாய் இருப்போர் ஒரு கணக்கை எண்ணிப் பார்த்தல் நன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தூரம் கடக்கிறது. அவலூர்பேட்டையிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை போன்ற நாட்டுப்புறச் சாலையில், ஆட்டுக் குட்டி ஒன்று குறுக்கே ஓடி வந்தால், திருப்பிய கைக்குச் சக்கரம் உடனே பணிதல் வேண்டும். அரை விநாடி தாழ்ந்தாலும் வண்டி எட்டு மீட்டர் முன்சென்றுவிடும்.

எனவே, எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் ஆராய்தல், கண்டறிந்த பின்னரே கழற்றுதல், ஐயம் தீரும்வரை வண்டியைச் சாலைக்குக் கொண்டு செல்லாதிருத்தல் ஆகிய மூன்றும் இத்துறையில் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளாம். இந்நெறிகளைப் போற்றுவோர் கையில், அறுபது ஆண்டு கடந்த வண்டியும் சொன்ன சொற்கேட்டு நடக்கும்.