திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடமும் சூழல் சிக்கல்களும்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம் என்பது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள தொழிற்பகுதி ஆகும். மகிழுந்துகள், சரக்குந்துகள், டயர்கள், கண்ணாடி, நகர்பேசிகள் முதலியன இங்கு உற்பத்தி செய்யப்படுகின்றன. ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர்கள் செறிந்திருந்த இந்நிலப்பரப்பு ஒரு தலைமுறைக் காலத்துக்குள் தொழிற்பகுதியாக மாறியது. சூழல் சிக்கல்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதையும், பேண்தகு வாழ்வு எவற்றைக் கோருகின்றது என்பதையும் விளங்கிக்கொள்ள இப்பகுதி ஓர் எடுத்துக்காட்டாகும்.

நீரமைப்பு

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தை உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் "ஏரி மாவட்டம்" என வழங்கப்பட்டது. இங்கு ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைக்கின்றது. சில வாரங்களில் பெய்யும் நீரை ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் பொருட்டு, ஏரிகள் சங்கிலித் தொடராக அமைக்கப்பட்டன. மேலே உள்ள ஏரி நிரம்பியதும் உபரிநீர் கலங்கல் வழியாக வெளியேறிக் கால்வாயில் ஓடி அடுத்த ஏரியைச் சேரும்.

திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியை அடைகின்றது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு உடைய செம்பரம்பாக்கம், சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. அதன் உபரிநீர் அடையாற்றில் கலக்கின்றது. ஒரகடம், மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து நீரும் அடையாற்றையே சேருகின்றது. எனவே இவ்வழித்தடத்தின் நிலத்தில் செய்யப்படும் மாற்றம் சென்னையின் குடிநீரையும் வெள்ளத்தையும் ஒருங்கே பாதிக்கக்கூடியது.

ஏரித் தொடரைப் பேணுவது ஊர்ப் பொதுப்பணியாக இருந்தது. இதே மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட "ஏரி வாரியம்" பற்றிக் குறிப்பிடுகின்றன.

தொழில் வளர்ச்சி

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் எனப்படும் தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனம் இப்பகுதியில் பல தொழிற்பூங்காக்களை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இவ்வளர்ச்சி பெருமளவில் வேலைவாய்ப்பை உருவாக்கியது. அதனுடன் மக்கள்தொகையும் நீர்த்தேவையும் உயர்ந்தன. 2024இல் வல்லம் வடகாலில் ஏறத்தாழ 18,700 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டமை இதன் அளவைக் காட்டுகின்றது.

சூழல் சிக்கல்களின் காரணங்கள்

சூழல் மீதான தாக்கம் மக்கள்தொகை, ஆள்வீத நுகர்வு, தொழில்நுட்பம் ஆகிய மூன்றையும் பொறுத்தது என 1970களின் தொடக்கத்தில் பால் ஏர்லிக், ஜான் ஹோல்ட்ரன் ஆகியோர் விளக்கினர். இவ்வழித்தடத்தில் அவை பின்வருமாறு வெளிப்படுகின்றன.

நிலப் பயன்பாட்டு மாற்றம்: ஒரு ஹெக்டேர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 இலட்சம் லிட்டர் நீர் விழுகின்றது. வயலும் மேய்ச்சல் நிலமும் அதில் ஒரு பகுதியை உறிஞ்சி, எஞ்சியதை மெதுவாக வெளியேற்றும். கூரையும் கற்காரைத் தளமும் ஏறக்குறைய முழுவதையும் உடனே வெளியேற்றும். இதனால் நிலத்தடி நீர் குறைகின்றது. வெள்ளத்தின் வேகமோ கூடுகின்றது.

கால்வாய்கள் தடைப்படல்: ஏரியின் கரையும் நீர்ப்பரப்பும் கண்ணுக்குத் தெரிவன. அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் கோடைக்காலத்தில் வெறும் பள்ளமாகத் தோற்றமளிக்கும். சாலை, சுற்றுச்சுவர், குடியிருப்பு ஆகியவற்றால் அது துண்டிக்கப்பட்டால், ஏரி தூர்க்கப்படாமலேயே வறண்டுவிடும்.

கழிவுகள்: உலோகப் பூச்சு, வண்ணப்பூச்சு போன்ற பணிகளில் உலோகங்களும் கரைப்பான்களும் கலந்த கழிவுநீர் உண்டாகின்றது. விரைந்து பெருகும் குடியிருப்புகளின் வீட்டுக் கழிவுநீரும் முறையாகச் சுத்திகரிக்கப்படாவிடின் ஏரிகளையே சேரும்.

நுகர்வும் உற்பத்தியும் பிரிந்திருத்தல்: இங்கு செய்யப்படும் பொருட்கள் பல நாடுகளில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குவோர், உற்பத்திக்குச் செலவான நீரையோ எஞ்சிய கழிவையோ காண்பதில்லை.

தனித்தனிக் கணக்கு: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு ஒவ்வோர் ஆலைக்கும் தனியே வழங்கப்படுகின்றது. ஒவ்வோர் ஆலையும் தனக்குரிய வரம்புக்குள் இயங்கினாலும், அனைத்தின் கூட்டு விளைவு ஏரித் தொடரின் தாங்குதிறனை மீறக்கூடும். இதுவே மற்றக் காரணங்களை இணைக்கும் அடிப்படைக் காரணம் எனலாம்.

வெள்ளமும் வறட்சியும்

2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையின்போது செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. மேற்பகுதி ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. சென்னையைச் சூழ்ந்த பல வாகன ஆலைகளும் உற்பத்தியைச் சில நாட்கள் நிறுத்தின. நான்கு ஆண்டுகளுக்குள், 2019 கோடையில், செம்பரம்பாக்கம் உள்ளிட்ட சென்னையின் நான்கு முதன்மை நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடருந்து மூலம் குடிநீர் கொண்டுவரப்பட்டது. இவ்விரண்டுக்கும் மழையின் மிகுதியும் குறைவும் நேரடிக் காரணங்கள். நீரைத் தேக்கி, மெதுவாக வெளியேற்றும் அமைப்பு பலவீனமடைந்தமை இவ்விரண்டின் பாதிப்பையும் கூட்டியது.

பேண்தகு வாழ்வின் கொள்கைகள்

வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் குலைக்காமல், இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே பேண்தகு வளர்ச்சி என 1987இல் புருண்ட்லாந்து ஆணைக்குழு வரையறுத்தது. பொருளியலாளர் ஹெர்மன் டேலி இதனை மூன்று விதிகளாக விளக்கினார்.

1. புதுப்பிக்கத்தக்க வளத்தை, அது மீளுருவாகும் வேகத்தை விஞ்சிப் பயன்படுத்தலாகாது. நிலத்தடி நீரை, மழை அதனை நிரப்பும் அளவுக்கு மேல் எடுக்கலாகாது என்பது இதன் பொருள்.
2. புதுப்பிக்க இயலாத வளத்தை, அதற்கு மாற்று உருவாகும் வேகத்தை விஞ்சிப் பயன்படுத்தலாகாது. உலோகங்களை மீள்சுழற்சி செய்தலும் பொருட்களைப் பழுது நீக்கிப் பயன்படுத்தலும் இதனுள் அடங்கும்.
3. சூழல் உட்கொண்டு தூய்மையாக்கக்கூடிய அளவுக்கு மேல் கழிவை வெளியேற்றலாகாது.

சட்ட அடிப்படையில் மேலும் இரு கொள்கைகள் முதன்மையானவை. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளால் நேர்ந்த மாசு பற்றிய வழக்கில், 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்துபவரே இழப்பை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையும் நாட்டின் சட்டத்தின் பகுதிகளே எனத் தீர்ப்பளித்தது.

நடைமுறை முயற்சிகள்

2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2019இல் கோயம்பேட்டில், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கொள்திறன் உடைய மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. சென்னையின் கழிவுநீர் அங்கு எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தூய்மையாக்கப்பட்டு, இவ்வழித்தடத்தின் ஆலைகளுக்குக் குழாய் வழியே அனுப்பப்படுகின்றது. இதனால் ஆலைகளுக்காகப் பயன்படும் நன்னீர் குடிநீருக்கு மிஞ்சுகின்றது. எனினும் இம்முறைக்கு மின்சாரம் தேவை. உப்புச் செறிந்த எச்சநீரும் உண்டாகின்றது. ஆகவே மறுபயன்பாடு, நுகர்வைக் குறைப்பதற்கு மாற்றீடாகாது.

தனிமனிதர் நகர்பேசியையும் வாகனத்தையும் நீண்டகாலம் பயன்படுத்துவதும், மின்னணுக் கழிவைக் குப்பையில் சேர்க்காமல் உரிய மீள்சுழற்சியாளரிடம் ஒப்படைப்பதும் இக்கொள்கைகளைச் சார்ந்தவை. ஆயினும் வீட்டளவிலான சிக்கனம் ஒரு வரத்துக் கால்வாயை மீட்டுத் தராது. நிலம் ஒதுக்குதல், நீர் வழங்குதல், கழிவுக்கு இசைவளித்தல் ஆகியவற்றை ஏரித் தொடர் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு முடிவு செய்வது இதற்கு இன்றியமையாதது. தொழிலாளர் குடியிருப்புகள், ஆலைகள், சென்னை நகரம் ஆகிய மூன்றும் இத்தொடரின் நீரையே சார்ந்துள்ளன.