கம்பெனி வேனா? முதலில் ஆர்.சி.யைப் பாருங்க

வைத்திக்குப்பத்திலிருந்து சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு ஒரு கம்பெனி தன் வேனில் ஆட்களை ஏற்றிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். “சொந்த வண்டிதானே, டிக்கெட்டா போடுறோம்?” என்று உரிமையாளர் கேட்கலாம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

டிரைவர் தவிர 6 பேருக்கு மேல் ஏற்றும்படி அமைந்து, உரிமையாளரின் தொழிலுக்காக ஓடும் வண்டி, வாடகை வாங்காவிட்டாலும் ‘தனியார் சேவை வாகனம்’ என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். அது போக்குவரத்து வாகன வகை. எனவே மஞ்சள் நம்பர் பிளேட், பெர்மிட், எஃப்.சி. மூன்றும் வேண்டும். வரியும் சொந்தக் கார் கணக்கில் வராது. இந்த வகைக்கு உரியதையே கட்ட வேண்டும்.

வேகம்? டிரைவர் தவிர 8 பேருக்கு மேல் ஏற்றும் வேன், 2015 அக்டோபர் 1 முதல் தயாரானது என்றால், மணிக்கு 80 கி.மீ. தாண்டாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும். சாலைப் பலகையில் அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் வரம்பு.

பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை என்கிறது சட்டம். விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்கவும் வழியுண்டு.

ஆர்.சி.யில் ‘வாகன வகை’ தவறாக இருக்கிறதா? போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் இப்போதே மாற்ற விண்ணப்பியுங்க.