கால்குலேட்டருக்கும் உண்டு ஹால் டிக்கெட்

அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதப்போகும் பேரனுக்கு கால்குலேட்டர் வாங்க நூறு டாலருக்கு மேல் ஆகுமாம் என்கிறீர்கள். மளிகைக்கடைக்காரர் தட்டுகிறாரே, அது போதாதா என்றும் கேட்கிறீர்கள். டீயைக் குடியுங்கள் சார், சொல்கிறேன். அதற்கு அங்கே தடையே இல்லை. கருவிக்கு வித்தை கூடக் கூடத்தான் வாசலில் விசாரணையும் கூடும்.

1994 வரை எஸ்.ஏ.டி. அறைக்குள் கால்குலேட்டரே கிடையாது. அனுமதித்த பிறகு எதை விடுவது, எதைத் தடுப்பது என்று ஒரு பட்டியல் வந்தது. அதைப் பார்த்தால் தேர்வு நடத்துபவர்களுக்கு எதில் பயம் என்று தெரிந்துவிடும். முதல் பயம் கணக்கைப் பற்றியதே அல்ல, கேள்வித்தாள் வெளியே போய்விடுமோ என்பதுதான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி 1995-இல் டி.ஐ.-92 என்று ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதில் டைப்ரைட்டரில் இருப்பதுபோல முழு எழுத்துப் பலகை. வினாவை அப்படியே தட்டிச் சேமித்து வெளியே கொண்டுபோகலாம் என்று எஸ்.ஏ.டி.யில் அதற்குத் தடை. 1998-இல் அதே கம்பெனி டி.ஐ.-89 கொண்டுவந்தது. கிட்டத்தட்ட அதே மூளைதான், அந்த எழுத்துப் பலகை மட்டும் இல்லை. அதற்கு அனுமதி கிடைத்தது! எஸ்.ஏ.டி.க்குப் போட்டியாக நடக்கும் ஏ.சி.டி. தேர்வோ இரண்டையும் உள்ளே விடவில்லை. ஒரே பையன், ஒரே கருவி. ஒரு தேர்வில் சரி, இன்னொன்றில் வெளியே வைத்துவிட்டு வரவேண்டும்.

ஏ.சி.டி.யின் விதிகளில் எனக்குப் பிடித்த பகுதி, ‘இப்படிச் செய்துவிட்டுக் கொண்டுவா’ என்பது. காகிதச் சுருள் போட்ட கருவியா, சுருளைக் கழற்று. சத்தம் போடுமா, அடக்கு. ஹெச்.பி.யின் சில பழைய மாடல்களில் அகச்சிவப்புக் கதிர் வழியே பக்கத்து பெஞ்சுக்குத் தகவல் அனுப்ப முடியும். அந்தத் துளை மேல் எலக்ட்ரீஷியன் டேப்பை ஒட்டு! பல லட்சம் பேர் எழுதும் தேர்வின் பாதுகாப்பு ஒரு துண்டு டேப்பில் நிற்கிறது.

இரண்டாவது பயம்தான் கணக்கைப் பற்றியது. P = 2(l + w) என்று கொடுத்து, w-ஐ மற்ற எழுத்துகளால் எழுது என்பார்கள். இதற்கு விடை வெறும் எண் அல்ல. சாதாரண கால்குலேட்டர் திருதிருவென்று விழிக்கும். ஆனால் சி.ஏ.எஸ். என்ற வசதி உள்ள கருவி எழுத்தையே இடம் மாற்றி விடையைக் கொடுத்துவிடும். டி.ஐ.-89-இன் வித்தை இதுதான். அல்ஜீப்ரா தெரிகிறதா என்று பார்க்கும் கேள்விக்குக் கருவியே அல்ஜீப்ரா போட்டுவிட்டால் யாருக்கு மார்க் போடுவது? ஏ.சி.டி. இதை ஆரம்பத்திலேயே தடுத்தது. எஸ்.ஏ.டி. பல வருடம் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, 2025-இல்தான் சி.ஏ.எஸ். கருவிகளுக்குக் கதவைச் சாத்தியது.

இடையில் இன்னொரு கூத்து. 2016-இல் தேர்வை மாற்றியமைத்தபோது கணிதத்தை இரண்டாகப் பிரித்து, 25 நிமிடம் 20 கேள்விகளுக்குக் கால்குலேட்டரைத் தொடக்கூடாது என்றார்கள். 2024-இல் அமெரிக்காவிலும் தேர்வு கம்ப்யூட்டருக்கு மாறியதும் அந்தப் பிரிவே போய்விட்டது. இப்போது 44 கேள்விக்கும் கால்குலேட்டர் உண்டு. அதுவும் திரையிலேயே, டெஸ்மாஸ் என்ற பெயரில், இலவசமாக.

அது என்ன செய்யும் என்று பாருங்கள். x² − 6x + k = 0 என்ற சமன்பாட்டுக்கு ஒரே ஒரு தீர்வுதான் என்றால் k எவ்வளவு? நம் பிள்ளைகள் b² − 4ac-ஐப் பூஜ்யமாக்கி, 36 − 4k = 0, ஆகவே k = 9 என்பார்கள். டெஸ்மாஸில் y = x² − 6x + k என்று தட்டினால் வளைகோடு வரும், k-வுக்கு ஒரு நகர்த்தும் பட்டையும் வரும். பட்டையைத் தள்ளத் தள்ளக் கோடு மேலே ஏறும். 9-இல் அடிப்புள்ளி x அச்சைத் தொட்டு நிற்கும். சூத்திரமே தேவைப்படவில்லை. அப்படியானால் சி.ஏ.எஸ்.ஸை விரட்டிவிட்டு இதை உட்காரவைப்பது என்ன நியாயம்? ஓரளவு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ‘ஒரே தீர்வு’ என்றால் கோடு அச்சைத் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும் என்பது தெரியாதவன் பட்டையை நாள் முழுக்கத் தள்ளினாலும் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. P, l, w கேள்வியில் டெஸ்மாஸ் எழுத்தை இடம் மாற்றித் தராது. அதைக் கையால்தான் போடவேண்டும். இன்னொன்று, நூறு டாலர் கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்கும் முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் திரையில் ஒரே கருவி. இந்த ஒன்றுக்காகவே மற்றக் குழப்பங்களை நான் மன்னித்துவிடுவேன்.

பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் படிப்பவர்கள் எழுதும் ஏ.பி. கால்குலஸ் தேர்வில் இன்னும் வேடிக்கை: ஒரு பகுதியில் வரைபடக் கால்குலேட்டர் இருந்தே தீரவேண்டும், அடுத்த பகுதியில் அதைத் தொடவே கூடாது. நம் ஊர் ப்ளஸ் டூ பிள்ளைகள் லாக் டேபிள் புரட்டுகிறவர்கள். அவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஆக, எஸ்.ஏ.டி. மட்டும் என்றால் பேரனுக்கு எதுவும் வாங்கவேண்டாம். புளூபுக் என்ற அவர்களுடைய செயலியிலேயே மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன, டெஸ்மாஸும் அதற்குள் இருக்கிறது, கை பழகட்டும். ஏ.பி. கால்குலஸும் எடுக்கப்போகிறானா என்று மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கடையில் கருவி வாங்குவதாக இருந்தால் பெட்டியில் சி.ஏ.எஸ். என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடட்டும்.