பசும்பால் ஒவ்வாத குழந்தைகளின் ஊட்டமும் வளர்ச்சியும்

பால் குழந்தைகளுக்கு ஏற்ற உணவு என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், ஒரு சில குழந்தைகளுக்குப் பசும்பாலே நோய்க்குக் காரணமாகிவிடுகிறது. அத்தகைய குழந்தைக்குப் பாலை நிறுத்திவிட்டு, நீர்த்த அரிசிக் கஞ்சியை மட்டும் அளித்தால் ஒவ்வாமை தணியலாம். ஆனால் வளர்ச்சி குன்றும்.

பசும்பாலிலுள்ள கேசீன், பீட்டா-லாக்டோகுளோபுலின் முதலிய புரதங்களை உடலின் தற்காப்பு அமைப்பு எதிர்ப்பதனால் இவ்வொவ்வாமை தோன்றுகிறது. தோலில் தடிப்பு, வாந்தி, மலத்தில் இரத்தம், மூச்சுத்திணறல் ஆகியன இதன் அறிகுறிகளுட் சில. லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை செரியாமையால் விளையும் வயிற்றுப்போக்கு இதனின்றும் வேறானது. ஆகையால், மருத்துவர் நோயை உறுதி செய்யாமல் பாலை நிறுத்துதல் கூடாது. உறுதி செய்தபின், தயிர், மோர், பனீர் ஆகியவற்றையும் விலக்கவேண்டும். எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் மாற்றாகமாட்டா. அவற்றின் புரதங்கள் பசும்பாற் புரதங்களைப் பெரிதும் ஒத்தவை.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தொடர்ந்து அளிக்கவேண்டும். தாயின் உணவில் பாலை விலக்குவது மருத்துவர் கூறினால் மட்டுமே தேவை; அப்போது தாய்க்கும் சுண்ணாம்புச் சத்தை ஈடுசெய்தல் வேண்டும். தாய்ப்பால் கிடைக்காவிடில், புரதம் சிதைக்கப்பட்ட தனிவகைப் பால்மாவை மருத்துவர் குறித்துக் கொடுப்பார்.

1 முதல் 3 வயதுவரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. 100 கிராம் பசும்பாலில் இச்சத்து சுமார் 120 மில்லிகிராம் உள்ளது. 30 கிராம் கேழ்வரகு மாவு ஏறக்குறைய 100 மில்லிகிராம் அளிக்கும். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணத்தக்க சிறுமீன் ஆகியனவும் உதவும். எனினும், சிறு குழந்தை உண்ணும் அளவு குறைவாதலின், உணவு மட்டும் போதாதபோது மருந்து வாயிலாகவும் இச்சத்தை அளிக்க நேரிடும். புரதத்திற்குப் பருப்பும், வேறு ஒவ்வாமை இல்லாவிடில் முட்டையும் மீனும் ஏற்றவை. கஞ்சியில் எண்ணெய் சிறிது சேர்த்தால் எரிசக்தி மிகும்.

களப்பணியாளர் இக்குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, வளர்ச்சி அட்டையில் குறித்தல் வேண்டும். எடைக்கோடு ஏறாமல் நின்றாலோ தாழ்ந்தாலோ தாமதியாமல் மருத்துவரிடம் அனுப்புக. ஆசிரியர்கள், பால் கலந்த பிஸ்கட்டும் இனிப்பும் இம்மாணவர்க்குச் சேராதவாறு பார்த்துக்கொள்க. மூச்சுத்திணறல் கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

வயது ஏற ஏறப் பெரும்பாலான குழந்தைகளுக்கு இவ்வொவ்வாமை நீங்கிவிடுகிறது. ஆயினும், மீண்டும் பால் கொடுத்துப் பார்ப்பது மருத்துவர் மேற்பார்வையிலேயே நிகழவேண்டும். அதுவரை, விலக்கிய உணவுக்கு ஈடான உணவு நாள்தோறும் குழந்தைக்குக் கிடைக்கச் செய்வது பெற்றோரும் பணியாளரும் ஒருங்கே ஆற்றவேண்டிய கடமையாகும்.